தர்ஜுமான் எங்கே?

2013-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 9-ஆம் நாள், சவூதி அரேபியாவின் தவாத்மி நகரில், மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் என்னும் பெண்ணின் தலை வாளுக்கு இரையாயிற்று. செய்தி கொழும்பை எட்டியபோது இலங்கை நாடாளுமன்றம் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தது. மௌனம் கலைந்ததும் பேச்சுத் தொடங்கியது. ஒரு சாரார், "பார்த்தீர்களா, ஷரீஅத்தின் கொடுமையை!" என்றனர். மற்றொரு சாரார், "ஷரீஅத் தீர்ப்பளித்துவிட்டது, முஃமினுக்கு இதில் வாய்திறக்க இடமில்லை" என்றனர். ஆண்டுகள் பல கடந்தும் நம் சமுதாய மேடைகளில் இவ்விரு குரல்களே மாறி மாறி ஒலிக்கின்றன.

இரு சாராரையும் நாம் மறுக்கிறோம். ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ளும் இவ்விரு சாராரும் ஆராயாமலே ஒப்புக்கொண்ட செய்தி ஒன்று உண்டு: அந்தப் பெண்ணுக்கு நடந்தது ஷரீஅத் வகுத்த விசாரணை என்பதே அது. அந்த இடத்தில்தான் நாம் கை வைக்கிறோம்.

அவள் குற்றமற்றவள் என்று தீர்ப்புரைக்க நாம் இங்கே அமரவில்லை. இறந்தது நான்கு மாதப் பச்சிளங் குழந்தை. அதைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரை எள்ளளவும் குறைத்து எண்ண நமக்கு உரிமையில்லை. நாம் கேட்பது ஒரே கேள்வி. அவள் சொன்னது தமிழில். காழி கேட்டது அரபியில். இடையே நின்றவர் யார்?

நடந்தவற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்துவோம். ரிஸானா பிறந்தது 1988-ஆம் ஆண்டு பிப்ரவரியில். கடவுச்சீட்டில் பதியப்பட்ட ஆண்டோ 1982. பதினேழு வயதுச் சிறுமியை இருபத்துமூன்று வயதுப் பெண்ணாக்கியது சவூதி அரசு அன்று. ஆள் அனுப்பும் நம் ஊர்த் தரகர்களின் கைவண்ணம் அது. 2005 மே மாதத் தொடக்கத்தில் பணிப்பெண்ணாகச் சென்றாள். அம்மாதம் 22-ஆம் நாள், அவள் புட்டிப்பால் ஊட்டிக்கொண்டிருந்த குழந்தை இறந்தது. பால் தொண்டையில் அடைத்துக்கொண்டது என்பது பின்னர் அவள் சொன்னது. கழுத்தை நெரித்துக் கொன்றதாக அவளே ஒப்புக்கொண்டாள் என்பது காவல் துறையின் ஏடு சொன்னது. 2007 ஜூன் 16-இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதுவரை அவளுக்கென்று வாதாட வழக்கறிஞர் ஒருவரும் இல்லை. அச்சுறுத்தி வாங்கப்பட்ட ஒப்புதல் அது என்று அவள் கூறியதும் தண்டனையை மாற்றவில்லை.

அந்த ஒப்புதலைத் தமிழிலிருந்து அரபியாக்கியவர் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பதையும், இரு மொழிகளுக்கிடையே தக்கவாறு பெயர்க்க வல்லவர்தாமா என்பதே ஐயத்துக்குரியது என்பதையும் ஆம்னெஸ்டி அமைப்பு வெளிப்படையாக அறிவித்தது. அவர் கர்நாடகத்துக்காரர் என்று அன்றைய செய்திகள் கூறின. மேல்முறையீட்டில் இவ்விவகாரம் எழுந்தபோது அவர் அந்நாட்டை விட்டே போய்விட்டிருந்தார். ஓர் உயிரின் கழுத்தில் விழுந்த சொல்லை உச்சரித்தவரை மீண்டும் அழைத்து, "நீர் கேட்டது என்ன, சொன்னது என்ன?" என்று வினவக்கூட வழியில்லாமற் போயிற்று.

மொழியறிந்தோர் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. நம் ஊர்ப் பெண் ஒருத்தி, மூச்சுத் திணறும் பிள்ளையின் தொண்டையைத் தடவி நீவியதைச் சொல்ல எந்தச் சொல்லை எடுப்பாள்? "கழுத்தைப் பிடிச்சுவிட்டேன்" என்பாள். கால் பிடித்துவிடுதல், தலை பிடித்துவிடுதல் எல்லாம் நம் இல்லங்களில் அன்றாடம் வழங்குவன, பரிவின் சொற்கள். அரைகுறைத் தமிழறிந்தவன் காதில் 'விட்டேன்' என்பது விழுந்துபோகும். 'கழுத்தைப் பிடித்தேன்' என்பது மட்டும் எஞ்சும். அதை அரபியில் அவன் 'கனக்த்து' என்று சொல்லிவிட்டால் 'நெரித்தேன்' என்று ஆயிற்று. மற்றொன்றும் பாருங்கள். "பிள்ளை என் கையிலே போயிட்டுது" என்று நம் பெண்கள் அழுவார்கள். என் கையில் கிடக்கும்போதே உயிர் பிரிந்தது என்பது அதன் பொருள். 'என் கையால் போயிற்று' என்று அதைக் கேட்பவனுக்குக் 'கதல்த்துஹு' என்பதைத் தவிர வேறு சொல் தோன்றாது. அந்த அரபிச் சொல்லிலோ வேண்டுமென்று கொன்றதும் அடங்கும், தவறிக் கொன்றதும் அடங்கும்.

இவ்வேறுபாடு வெறும் இலக்கணப் பூசல் அன்று. நம் ஃபிக்ஹில் உயிரும் மரணமும் அதன்மீதே நிற்கின்றன. வேண்டுமென்று செய்த கொலைக்கு மட்டுமே கிஸாஸ்; தவறுதலால் நேர்ந்ததற்குத் தியத்தும் கஃப்ஃபாராவும்தாம் என்பதை அந்நிஸா சூராவின் 92, 93-ஆம் வசனங்களை ஓதிய சிறுவனும் அறிவான். இன்னும் கேளுங்கள். விபசாரம் போன்ற இறைவனின் உரிமை சார்ந்த ஹத்துகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றால் தண்டனை விலகும். கிஸாஸோ அடியானின் உரிமை. அதில் ஒருமுறை செய்த இக்ராரைத் திரும்பப் பெற இடமில்லை. எனவே, பின்னால் அவள் எத்தனை முறை மறுத்தும் பயனில்லாமற் போனது சட்டத்தின் போக்குக்கு முரணன்று என்று நம் தோழர் சிலர் வாதிடுகின்றனர். அவ்வாதத்தை நாமும் ஏற்போம். ஏற்றால் விளைவது என்ன? முதல் நாளில், முதல் வாயிலிருந்து வந்த முதல் சொல்லே இறுதிச் சொல் ஆகிறது. அப்படியாயின் அச்சொல்லைப் பெயர்த்தவரிடம் எத்துணைக் கடுமையைக் காட்டியிருக்க வேண்டும்! திரும்பப் பெற முடியாத சொல்லைத் தகுதியறியாத ஒருவர் நாவில் ஏற்றியதற்கு இவர்கள் எந்தக் கிதாபிலிருந்து ஆதாரம் காட்டுவர்?

கிதாபுகள் சொல்வதைக் காண்போம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் 'கிதாபுல் அஹ்காம்' என்னும் பகுதியில், ஆட்சியாளரின் மொழிபெயர்ப்பாளர் பற்றித் தனியே ஒரு பாபு அமைத்து, ஒருவர் போதுமா என்னும் கேள்வியைத் தலைப்பிலேயே எழுப்புகிறார்கள். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி அங்கே இடம்பெறுகிறது. யூதர்களுக்குள் அவ்வெழுத்தைப் படிப்பவர்க்குப் பஞ்சமில்லை. ஆயினும் தம் கடிதங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பதே பெருமானாரின் நோக்கம். கிடைத்த ஆளைக் கொண்டு காரியத்தை முடிக்கவில்லை; ஆளை ஆக்கினார்கள்.

அதே பாபில் வரும் மற்றொரு செய்தியைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சு மூதூருக்குப் போய்விடுகிறது. உமர் (ரலி) அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அலீ, உஸ்மான், அப்துர் ரஹ்மான் (ரலி) ஆகியோர் உடன் இருக்கிறார்கள். ஒரு பெண் நிறுத்தப்படுகிறாள். இவள் சொல்வது என்ன என்று கலீஃபா கேட்கிறார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு ஹாதிப் அவள் கூற்றை அரபியில் எடுத்துரைக்கிறார். அவள் நூபிய நாட்டினள், அரபி அறியாதவள், விடுதலை பெற்ற அடிமைப் பெண் என்று விரிவுரையாளர்கள் எழுதுவர். தான் செய்தது ஹராம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை என்பதை உஸ்மான் (ரலி) அவர்கள் அவள் பேச்சின் பாங்கிலிருந்தே கண்டு சொல்ல, கல்லெறி தண்டனை அவளை விட்டு விலகிய வரலாற்றையும் அவர்கள் சேர்த்துச் சொல்வர். ஏழை, அயல்மொழிக்காரி, நாதியற்றவள். அவள் வாய்ச்சொல் அவையில் அதன் பொருளோடும் பாங்கோடும் விளங்கியதால் அவள் உயிர் பிழைத்தது. இதுவன்றோ ஷரீஅத்தின் விசாரணை!

இனி எண்ணிக்கை பற்றிய கருத்து வேறுபாடு. காழியின் மொழிபெயர்ப்பாளருக்கு நேர்மை, அடிமையல்லாமை, எண்ணிக்கை என மூன்று நிபந்தனைகளை 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவீ (ரஹ்) வரிசைப்படுத்துகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒருவர் போதாது. ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபாவும் அபூயூஸுஃபும் ஒருவர் போதும் என்றனர். இமாம் முஹம்மது இருவர் வேண்டும் என்றார்கள். சவூதி நீதிமன்றங்கள் பின்பற்றுவதோ ஹன்பலீ மத்ஹபு. அதன் பெருநூலாகிய 'அல்-முஃக்னீ'யில் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் முதன்மையாக நிறுவும் கருத்து, நேர்மையாளர் இருவரின் மொழிபெயர்ப்பே ஏற்கத்தக்கது என்பது. அதைச் சாட்சியத்தின் நிலையிலேயே வைத்துப் பேசுகிறார்கள். ஆக, அந்தப் பெண் ஷாஃபிஈ, அந்தக் காழி ஹன்பலீ. இருவர் மத்ஹபும் இருவரைக் கேட்கின்றன. மிக எளிதான கருத்தாகிய ஹனஃபீச் சொல்லுக்கே இறங்கி வந்தாலும், அந்த ஒருவர் ஆதிலாக இருக்க வேண்டும், இரு மொழியும் அறிந்திருக்க வேண்டும். கடனுக்குக் கொடுக்கும் சில காசுகளுக்கு எழுத்தரையும் இரு சாட்சிகளையும் வைக்கச் சொல்லும் மார்க்கம், அல்பகரா சூராவின் அந்நெடிய வசனத்தில் சொல்ல இயலாதவனுக்காக அவன் பொறுப்பாளன் நீதியோடு சொல்லட்டும் என்று கருணை காட்டும் மார்க்கம், ஒரு கன்னிப்பெண்ணின் கழுத்தைத் தகுதி விசாரிக்கப்படாத ஒரு நாவில் தொங்கவிடச் சம்மதிக்குமா?

"அவசர நிலையில் கிடைத்தவரைக் கொண்டுதானே நடத்த முடியும்?" என்பார் உண்டு. அவசரம் எங்கே இருந்தது? குழந்தை இறந்தது 2005-இல், தீர்ப்பு 2007-இல், வாள் இறங்கியது 2013-இல். தவாத்மியிலிருந்து ஒரு பகல் பயணத்தில் ரியாத். ரியாத்தில் இலங்கைத் தூதரகம். தமிழும் அரபியும் கற்ற ஆலிம்கள் அந்நாடெங்கும் பணிபுரிந்துகொண்டிருந்தனர். அந்நாடு 2001-இல் இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே அரபி அறியாதவர்க்கு மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டும் என்றது. 1996-இல் அந்நாடு ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 40-ஆம் விதியும் அதையே சொல்கிறது. சட்டத்தில் குறையில்லை. அரபி தெரியாத ஏழையின் வாய்ச்சொல்லுக்காக ஒரு நாள் காத்திருக்க எவருக்கும் மனமில்லை என்பதே குறை.

இதைச் சொல்லும்போது, "எல்லாம் அரபு நாட்டுக் குற்றம்" என்று தலையாட்டி மகிழ்வோருக்கும் ஒரு சொல். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தமிழ் மட்டுமே அறிந்த சிங்கராசா என்பவரின் ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அதைப் பெயர்த்தவர் வெளியாள் எவருமல்லர், ஒரு காவலர்தாம். 1995-இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் 35 ஆண்டாயிற்று. அவ்விசாரணை நீதியானதன்று என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004-இல் சொல்லியும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செவிசாய்க்கவில்லை. அங்கே ஷரீஅத் இல்லை, காழியும் இல்லை.

நம் இந்தியாவில் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 282-ஆம் பிரிவு, மொழிபெயர்ப்பவர் உண்மையாகப் பெயர்க்கக் கடமைப்பட்டவர் என்றது. 2024 ஜூலை முதல் நாளில் அதனிடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. உண்மையைக் கேட்கிறது, தகுதியைக் கேட்கவில்லை. தெரியாதவன் எவ்வளவு உண்மையாளனாயினும் என்ன பெயர்ப்பான்? ராஜஸ்தானத்துக் கொலை வழக்கொன்றில் வாய்பேசாத பெண்ணின் சைகைகளை அவள் தந்தையே விளக்கினார். அவருக்குச் சத்தியப் பிரமாணமும் செய்விக்கப்படவில்லை, சைகைகளும் பதியப்படவில்லை. அச்சாட்சியத்தை நம்ப முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. இமாம் நவவீயின் நிபந்தனைகளுக்கு அந்நீதிபதிகள் எவ்வளவு அருகே வந்துவிட்டார்கள் என்று வியந்தோம்.

பிறரைச் சாடியது போதும். இனி நம்மைப் பற்றி.

அரபியையும் தமிழையும் ஓரெழுத்தில் இணைத்து அறபுத்தமிழ் கண்ட சமுதாயம் நம்முடையது. அரபி அறியாத தமிழ்ப் பெண்களும் தீனின் சட்டங்களை வீட்டிலிருந்தே ஓதியறியும்படி கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 'மகானீ' போன்ற நூல்களை அவ்வெழுத்தில் ஆக்கித் தந்தது சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில். அந்தச் சமுதாயத்தின் பெண்ணொருத்தி அரபு நாட்டில் அகப்பட்டபோது, அவள் தமிழை அரபியாக்க அருகே நம்மவர் எவரும் இல்லை. இதைவிட வெட்கம் வேறென்ன? மத்ரஸாக்களில் ஏழாண்டு, எட்டாண்டு நஹ்வும் ஸர்ஃபும் பிசைந்து ஊட்டுகிறோம். 'ழரப ஸைதுன் அம்ரன்' என்று ஸைதை அம்ரை அடிக்க வைத்தே ஆண்டுகள் கழிகின்றன. அடிபட்ட அம்ரு காவல் நிலையத்தில் என்ன சொல்வான், அது எந்த வாசகத்தில் பதியப்படும் என்று ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்குமுன் முதியவர் ஒருவர் ஓர் அரபித் தாளோடு எம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், மகன் அங்கே ஜெயிலில் இருக்கிறான். இது கோர்ட்டுக் கடிதமாம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். தாளைக் கண்ணாடியணிந்து படித்தோம். ஒவ்வொரு சொல்லும் எமக்குத் தெரிந்த சொல்லே. 'ஸுகூத்துல் ஹக்கில் காஸ்' என்றிருந்தது. தனிப்பட்ட உரிமை விழுந்துவிட்டது என்று பொருள் கொண்டோம். யாருடைய உரிமை என்று ஆராயாமல், "உங்கள் மகனுக்கு இருந்த உரிமை போய்விட்டதாக எழுதியிருக்கிறது" என்றோம். முதியவர் திண்ணையிலேயே சாய்ந்துவிட்டார். மூன்று நாள் அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான்காம் நாள், பத்தாண்டு அந்நாட்டில் வண்டி ஓட்டித் திரும்பியிருந்த இளைஞர் ஒருவர் அத்தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது நல்ல செய்தி. வழக்குப் போட்டவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார். இனி அரசாங்கத்தின் உரிமை மட்டும் பாக்கி, சில மாதங்களில் விட்டுவிடுவார்கள்" என்றார். அப்படியே மகனும் வந்து சேர்ந்தார். முப்பதாண்டு அரபி கற்பித்த எம்மைவிட, மத்ரஸா வாசலை மிதிக்காத ஓட்டுநருக்கு அத்தாள் விளங்கியது. அன்று எம் முன் இருந்தது ஒரு கடிதம். ஓர் இக்ராராக இருந்திருந்தால்? தவாத்மியில் நின்ற அம்மனிதரைப் பழிக்க எழுதுகோலை எடுக்கும்போதெல்லாம் அந்தத் திண்ணை எம் கண்முன் வருகிறது.

ஆகவே கேட்கிறோம். 1924 முதல் ஆலிம்களை உருவாக்கிவரும் உமராபாத் தாருஸ்ஸலாமும், 1973-இல் தோன்றிய பேருவளை நளீமிய்யாவும், நம் ஊர்தோறுமுள்ள அரபிக் கல்லூரிகளும் சேர்ந்து, பட்டம் பெற்ற பின் ஓராண்டு நீதிமன்ற அரபி ஏன் கற்பிக்கக் கூடாது? அக்கால ஃபிக்ஹின் கிதாபுல் கழாவோடு இக்காலத்து விசாரணை ஏட்டையும், தீர்ப்பு ஸக்கையும், விட்டுக்கொடுப்புப் பத்திரத்தையும் ஏன் பாடமாக்கக் கூடாது? மூதூர்த் தமிழும், காயல்பட்டினத் தமிழும், தஞ்சைத் தமிழும் காதில் பழகியவர்களாக, கடுந்தேர்வில் தேறியவர்களாக ஒவ்வோர் அரபு நகரத்துக்கும் இருவர். ஆம், இருவர், ஷாஃபிஈ சொன்ன எண்ணிக்கை. அவர்கள் பெயர்ப்பட்டியல் தூதரகங்களில் இருக்கட்டும். பயணம் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அந்தத் தொலைபேசி எண் இருக்கட்டும். தர்ஜுமான் வரும்வரை எந்தத் தாளிலும் கையொப்பமிடாதே என்று சொல்லி அனுப்புவது பெற்றோரின் வேலை. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதத் தரகன் கேட்கும்போது மறுப்பதும் அவர்கள் வேலையே.

ஊதியம் யார் கொடுப்பது என்ற கேள்வி எழும். மக்களுக்கும் தமக்கும் இடையே மொழிபெயர்த்த அபூஜம்ரா அவர்களைத் தம்முடனே தங்கச் சொல்லி, தம் செல்வத்தில் ஒரு பங்கு தருவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதும் ஸஹீஹுல் புகாரீயில்தான் இருக்கிறது. ஓரூர்க் கந்தூரியில் ஒரு நாள் பொங்கும் நெய்ச்சோற்றின் அரிசிக் கணக்கை எடுத்துப் பார்த்தால், இருவருடைய ஓராண்டுப் படிப்புச் செலவு அதற்குள் அடங்கிவிடும்.